பூட்டிய வளவுகளில் பார்த்தீனியம்

எங்கள் கல்லூரியில் உயர்தரத்தில் தாவரவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பூவைப் பிரித்து வரையச் சொன்னால் மைதானத்து ஓரத்துக்கு இறங்கினாலே போதும். விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், தும்பை, மூக்கிரட்டை, நெருஞ்சி எல்லாம் காலடியில் கிடக்கும். முதல் இரண்டும் சித்திரை வருடப் பிறப்புக்குத் தலையில் வைத்து முழுகும் மூலிகை நீரான மருத்துநீர் காய்ச்சவென்று தேடிப் பிடுங்கப்படுபவை. இன்று யாழ்ப்பாணத்து வீதியோரங்களிலும் வெறும் வளவுகளிலும் அவை நின்ற இடத்தைப் பார்த்தீனியம் என்ற அந்நியக் களை பிடித்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் காணிகளில் கணிசமானவை எங்களுடையவை.

யுத்தம் பனையை அழித்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பதுங்கு குழிக்கும் காவலரணுக்கும் தறித்தவை ஒரு பக்கம், ஷெல் பட்டு வட்டை, அதாவது தலைப்பகுதியை, இழந்தவை இன்னொரு பக்கம். பனைக்கு வளர்நுனி ஒன்றுதான்; அது போனால் மரம் மறுபடி துளிர்க்காது. ஆனால் மண்ணுக்கு நடந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காவலுக்குப் பார்வை மறைக்கிறதென்று வீதியின் இரு கரையிலும் பற்றையும் வேலியும் வழிக்கப்பட்டன. மண் அணைகளுக்காக மேல்மண் தோண்டிக் குவிக்கப்பட்டது. 1990இல் யாழ் குடாநாட்டின் வலிகாமம் வடக்கும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது உழவாரம் படாத நிலம் பரந்து கிடந்தது. கிளறிய மண், நிறைய வெயில், களை பிடுங்க ஆளில்லை. அந்நியக் களைக்கு வேறென்ன வேண்டும்?

பார்த்தீனியத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். இந்தியாவில் 1950களில் பூனாவில் கண்டறியப்பட்டுப் பின் நாடெங்கும் பரவியது. 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை இங்கே வந்ததென்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இலங்கையில் முதலில் பதிவானது 1999இல், வவுனியாவில். 2002இல் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்தபின் லொறி ரயர்களில் ஒட்டிய சேறும், வன்னியிலிருந்து ஏற்றிவந்த மாட்டெருவும் அதை வடக்கே கொண்டுவர வழியாயின. யுத்தம் காட்டைக் காத்தது என்பாரும் உண்டு. வன்னியின் உட்காடுகளில் பாலையும் முதிரையும் வீரையும் சில இடங்களில் தப்பியது உண்மைதான். குடிமனையை ஒட்டிய திறந்த நிலத்துக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

செடியைச் சரியாக அடையாளம் காணவேண்டும். இளஞ்செடியின் இலை கரட் இலைபோல் பிளந்து, தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். பிறகு நீளவாக்கில் வரியோடிய, மெல்லிய மயிருள்ள தண்டு எழும். பூந்தலை 4 மில்லிமீற்றர் அளவு, வெள்ளை, விளிம்பில் ஐந்து சிறு முனைகள். அந்த முனைகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கறுத்த விதை. ஆக ஒரு பூந்தலைக்கு ஐந்து. நல்ல ஈரம் கிடைத்தால் முளைத்து 4 முதல் 6 வாரங்களில் பூத்துவிடும். ஒரு செடி 15,000க்கும் மேல் விதை தரக்கூடியது. இலையிலும் மயிரிலும் உள்ள பார்த்தெனின் என்ற நச்சு மண்ணில் இறங்கி மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கும். மனிதருக்குத் தோல் அழற்சி, மூச்சிழுப்பு வரும். மாடு தின்றால் பால் கைக்கும்.

அகற்றும் காலம் ஐப்பசி, கார்த்திகை. முதல் மழைக்கு முளைத்தவை தரையோடு படிந்திருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கும் நாளில், தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தோடு பிடுங்கவேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம்; ஆஸ்துமா உள்ளவரை இந்த வேலைக்கு விடவே கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாரி முடியும்வரை திரும்ப வரவேண்டும். பூக்காதவற்றைக் குழியில் சாணத்தோடு அடுக்கி மூடினால் எருவாகும். பூத்தவற்றை எருக்குழியில் போடக்கூடாது, வீட்டுக் குழியின் சூடு விதையைக் கொல்லப் போதாது. அவற்றைப் பிடுங்கியதுமே பொலித்தீன் பையில் கட்டி, உலர்த்தி, குழிக்குள் வைத்து எரிக்கவேண்டும்.

பெரும்பாலும் பிழைக்கும் இடம் இதுதான்: காணி துப்புரவாக்கச் சொல்லிக் காசு அனுப்புகிறோம், கூலிக்கு வந்தவர் கத்தியால் வெட்டிவிட்டுப் படமெடுத்து அனுப்புகிறார். வெட்டிய அடிக்கட்டை துளிர்த்து, முன்னைவிடக் குட்டையாக நின்று பூக்கும். ஜேசிபி இன்னும் மோசம். புதைந்த விதையை மேலே கொண்டுவருவதோடு, சில்லில் ஒட்டிய மண்ணோடு அடுத்த வளவுக்கும் கொண்டுபோகும். லீற்றருக்கு 200 கிராம் உப்புக் கரைத்துத் தெளித்தால் செடி கருகும், ஆனால் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அந்த உப்புக் கிணற்றில்தான் போய்ச் சேரும். யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யாதீர்கள்.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடவும் கூடாது. மழைக்கு முன் தகரைச் செடியின் விதையை மணலோடு தேய்த்துத் தூவினால் நெருக்கமாக முளைத்து நிழல் கட்டும். காணி எல்லையில் பனை வைக்க விரும்புவோர் ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் விதையை 3 மீற்றர் இடைவெளியில் நேரே நிலத்தில் ஊன்றவேண்டும். முளை கீழ்நோக்கி ஆழமாக இறங்குவதால் பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் முறிந்துவிடும்.

மன்னார்ப் பக்கம் காணியுள்ளவர்களுக்குச் சீமைக்கருவேல மரத்தின் தொல்லையும் உண்டு. ஆடுமாடு தின்ற நெற்று சாணத்தோடு முளைக்கிறது. நிலமட்டத்தில் தறித்தால் பல கிளையாக வெடிக்கும், அடிவேரைத் தோண்டியெடுக்கவேண்டும். ஆனால் முகமாலை போன்ற முன்னாள் போர்முனைகளிலும் விடுவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களிலும், கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணிதானா என்று பிரதேச செயலகத்தில் உறுதிசெய்யாமல் மண்வெட்டி, அலவாங்கு எதையும் இறக்கவேண்டாம்.

பார்த்தீனிய விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஆகையால் காணி பார்ப்பவரோடு குறைந்தது ஐந்து மாரிக்கு ஒப்பந்தம் பேசுங்கள். காசை ஒரேயடியாகக் கொடுக்காமல், ஒவ்வொரு மாரியிலும் பூக்கும் முன் பிடுங்கிய பிறகு கொடுங்கள்.