எடை மெஷினும் இன்ச் டேப்பும்

"ஒரு கிலோகூடக் குறையல. நடந்து என்ன பிரயோஜனம்?"

எடை மெஷினிலிருந்து இறங்கிய அக்கா பொரிந்து தள்ளினார். பேசாமல் இன்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினேன்.

3 செ.மீ. குறைந்திருந்தது!

எடை மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. வேர்க்க வேர்க்க நடந்தால் வயிற்றுக்குள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றியிருக்கும் கொழுப்பு கரையும், எடை அப்படியே இருந்தாலும்கூட.

விரலால் கிள்ளினால் சிக்குவதைவிட இதுதான் ஆபத்தான கொழுப்பு. இது வெளியே விடும் கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பதில் சொல்வதில்லை. கடைசியில் இதயக் குழாய் அடைக்கவும் கூடும்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், அதுவரை தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேர ஆரம்பிக்கும். ஆசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.க்கு மேல் போனாலே கவனிக்கச் சொல்கிறார்கள். (நாம் கவனிப்பதெல்லாம் புடவைக்குள் தொப்பையை மறைப்பதைத்தான்.)

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். வேகம்? பேச முடியணும், பாட முடியக் கூடாது.

வெறும் க்ரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கும் பயிற்சி) போட்டால் வயிற்றுத் தசை இறுகும். மேலே இருக்கும் தொப்பை அசையாது.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ வழக்கத்துக்கு மீறி மூச்சு வாங்கினாலோ, நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.