விசா போன பிறகு கலிஃபோர்னியாவில் கல்லூரி சேர்ந்த அனுபவம்

பத்து வயதில் ஹெச்-4 விசாவில், அதாவது அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், சான் ஹோசே பக்கம் வந்தேன். எட்டாம் வகுப்பில் அப்பாவுக்கு வேலை போனது, பின்னாலேயே விசாவும் போனது. ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்பது தனிக் கதை. பள்ளியில் சிக்கல் எதுவும் வரவில்லை. 1982-இல் பிளைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருப்பதால், விசா இல்லாத பிள்ளைகளின் பள்ளிப் படிப்பைத் தடுக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது.

முதலில் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு ஆண்டு படிக்கும் அரசுக் கல்லூரி. மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாடங்களை அளக்கும் கணக்கு) 46 டாலர், 12 யூனிட்டுக்கு 552. எனக்கு வந்த பில் அதைப்போலப் பல மடங்கு. வெளிமாநில மாணவி என்று போட்டுவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்தவர், "கிரீன் கார்டு இல்லையென்றால் இப்படித்தான்" என்றார். அம்மா "வா, போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

அவர் சொன்னது தவறு. 2001-இல் இயற்றிய ஏபி 540 என்ற மாநிலச் சட்டம், கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளி படித்து முடித்தவருக்கு வெளிமாநிலக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. 2017-இல் வந்த எஸ்பி 68 என்ற சட்டத்துக்குப் பிறகு கம்யூனிட்டி காலேஜிலும் வயதுவந்தோர் பள்ளியிலும் படித்த காலமும் கணக்கில் சேரும். கேட்பது ஓர் உறுதிமொழிப் படிவமும் பள்ளியின் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலும்தான். டிரான்ஸ்கிரிப்ட் உறையைப் பிரிக்காதீர்கள்! மார்க் பார்க்கும் ஆசையில் நான் பிரித்தேன். செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள், மறுபடி வாங்க இரண்டு வாரம் ஆனது.

அடுத்தது உதவித்தொகை. ஃபாஃப்ஸா என்ற மத்திய அரசு உதவித்தொகை விண்ணப்பம் விசா இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. வேறு யாருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணையாவது போட்டு நிரப்பும் வேலையே வேண்டாம். கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் தனியாக இருக்கிறது, அதை அந்த எண் இல்லாமலே நிரப்பலாம். கடைசி நாள் வழக்கமாக மார்ச் 2. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு செப்டம்பர் 2 என்று இன்னொரு வாய்ப்பும் உண்டு. எனக்கு யூனிட் கட்டணமே தள்ளுபடியானது. புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும்தான் டியூஷன் எடுத்துச் சம்பாதித்தேன்.

இரண்டு வருடம் கழித்து யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகத்துக்கு மாறியபோது பழைய படிவம் உதவவில்லை. அங்கே தள்ளுபடிக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். சோம்பல் படாதீர்கள்: 2025-இல் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில மாணவருக்கு அங்கே கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 37,602 டாலர்.

இதெல்லாம் கலிஃபோர்னியாவுக்குத்தான். டெக்சாஸும் 2001-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவோடு அது போய்விட்டது. அதனால் அக்கா சொன்னாள், அண்ணன் சொன்னான் என்று போகாமல் உங்கள் மாநிலத்தின் இன்றைய நிலையைப் பாருங்கள்.

அப்புறம், ஹெச்-4 இன்னும் செல்லுபடியாகும் பிள்ளைகள் ஏபி 540 படிவத்தில் கையெழுத்திட வேண்டாம், அது உங்களுக்குப் பொருந்தாது. கலிஃபோர்னியாவில் நீங்கள் வசிப்பிடத்தை நிரூபித்து மாநிலவாசிக் கட்டணம் கேட்கலாம், அதற்குப் படிவம் வேறு. 21 வயதில் அந்த விசா கைவிட்டுப் போகும் என்பதை மட்டும் இப்போதே பள்ளியின் கல்வி ஆலோசகரிடம் பேசி வையுங்கள்.