தங்கச்சியின் பேறுகாலக் குறிப்புகள்

(அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.)

12 மார்ச் 2024

தங்கச்சிக்கு இது மூன்றாம் மாதம். உசிலம்பட்டிப் பக்கம் அவள் ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. போனில் ஒரே அழுகை. "கருவைக் கலைச்சிரணுமா?" என்று அவள் மாமியார் கேட்டாராம். பயத்தில் கேட்டதுதான், கோபமில்லை. கலைக்கவே வேண்டாம் என்று நர்ஸம்மா அங்கேயே சொல்லிவிட்டார்.

24 மார்ச்

அம்மா, நான், தங்கச்சி வீட்டுக்காரர் மூவரும் ரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கும் பாசிட்டிவ். எனக்கும் அவருக்கும் இல்லை, இருவருக்கும் தடுப்பூசி போட ஆரம்பித்தாயிற்று. தங்கச்சிக்குப் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்கிறார் டாக்டர். பிறக்கும்போது தொற்றினால் 100 குழந்தைகளில் 90 பேருக்கு அது நாட்பட்டதாகத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் 5 பேருக்குள்தான் அப்படித் தங்கும். நாங்கள் பிறந்த காலத்தில் அரசு தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசியே கிடையாது. இதைச் சொல்லியும் அம்மா, "நான்தானே கொடுத்தேன்" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

23 ஏப்ரல்

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே வைகையில் இருக்க, நாங்கள் வீட்டில் தட்டுப் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தோம். யாரோ சொன்னார்கள் என்று அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள். சோற்றில், தண்ணீரில், கட்டிப்பிடிப்பதில் இது பரவாது. ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தில்தான் பரவும். பிளேடு, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருந்தால் போதும். அவள் மாமியாரிடம் பொறுமையாகச் சொன்னேன். சாயங்காலம் அவரே தன் தட்டில் பிசைந்து அவளுக்கு ஊட்டினார்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டார். 1988-ல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்து பெரிய நம்பிக்கை தந்தது உண்மைதான். அப்புறம் வேறு இடங்களில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்க நான் விடமாட்டேன்.

3 ஜூலை

தங்கச்சியின் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, கோடிக்கணக்கில் இருக்கிறது. 2 லட்சத்தைத் தாண்டினாலே 28 வாரம் வாக்கில், வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மருந்தைத் தொடங்குவார்கள். தினம் ஒரு மாத்திரை. தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கர்ப்பத்தை இது என்ன செய்யும் என்று டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டேன். கல்லீரல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே பேறுகாலம் போகும். கர்ப்பகாலச் சர்க்கரையும் குறைமாதப் பிரசவமும் கொஞ்சம் கூடுதல் என்று சில ஆய்வுகளும், அப்படி இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றனவாம். அதனால் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடவில்லை. கல்லீரல் சுருங்கிப்போயிருந்தால்தான் கதை வேறு. உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிக்கலாம், தாயின் உயிருக்கே ஆபத்து. தங்கச்சிக்கு அப்படி இல்லை.

12 செப்டம்பர்

நேற்று ராத்திரி பெண் குழந்தை, சுகப்பிரசவம். இந்த நோய்க்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் பாப்பாவின் ஊசிக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது. "காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்துப் போடலாம்" என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். ஏற்கெனவே தயாரித்து வைத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் 12 மணி நேரத்துக்குள். அதை முன்னமே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். குரலை உயர்த்திக் கேட்ட பிறகு இரண்டையும் தொடைக்கு ஒன்றாகப் போட்டார்கள். தாயின் ரத்தத்தில், வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் இ ஆன்டிஜன் இருந்து, ஊசி எதுவும் போடாமல் விட்டால், 10 குழந்தைகளில் 7 முதல் 9 பேருக்குத் தொற்றும். தங்கச்சிக்கு அந்த ஆன்டிஜன் இருக்கிறது. எப்படி நான் காலை வரை காத்திருப்பேன்?

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கிறாள்.

25 அக்டோபர்

ஆறு வாரம் ஆயிற்று. பாப்பாவுக்கு, ஹெபடைடிஸ் பி-யும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி போட்டாயிற்று. தங்கச்சியின் கல்லீரல் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ஏறியிருக்கிறது. கர்ப்பத்தில் அடங்கியிருக்கும் எதிர்ப்பு சக்தி பிரசவத்துக்குப் பின் மறுபடி விழித்து வைரஸோடு மோதுவதால் இப்படி ஆவதுண்டாம். மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார் டாக்டர். தானாக நிறுத்திவிடக் கூடாது என்றார்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. எல்லாரும் பிள்ளைக்குத் தொற்றுமா என்றுதான் கேட்டார்கள். பிள்ளை பிறந்ததும் தாயின் மருத்துவ ஃபைல் மூடப்பட்டுவிடுகிறது. அசதியை "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிட்டோம். பிரசவம் முடிந்து ஆறு மாதமாவது தாயை விடாமல் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லத் தோன்றுகிறது.

19 டிசம்பர்

பாப்பாவுக்கு 14-வது வார ஊசியும் முடிந்தது. ஒன்பது மாதத்துக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தொற்றவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். தங்கச்சியின் என்சைம் இறங்கிவிட்டது, அடுத்த பரிசோதனைத் தேதியை அவள் வீட்டுக்காரர் போனில் குறித்துவைத்திருக்கிறார். அம்மாவுக்குத்தான் இன்னும் கல்லீரல் ஸ்கேன் எடுக்கவில்லை. "எனக்கென்னடி இந்த வயசில்" என்று தள்ளிப்போடுகிறார். திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன்.