எண்ணூர்ச் சாம்பலில் சிமென்ட் இல்லாத கான்கிரீட்

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் ஒழுகினால் என்ன ஆகும் என்று எண்ணூர் மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடப்பதே போதும். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். அதை வைத்துச் சிமென்டே சேர்க்காமல் கான்கிரீட் போடலாம் என்பது புதுச் செய்தியும் இல்லை. கீவ் நகரில் குளுகோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி 1950களிலேயே காரம் சேர்த்து ஸ்லாக்கை, அதாவது இரும்பு உலைக் கசடை, கெட்டியாக்கிக் காட்டினார். பிரான்சின் வேதியியலாளர் தாவிதோவிட்ஸ் 1970களில் இந்த வகைக்கு ‘ஜியோபாலிமர்’ என்று பேர் வைத்தார். நம்ம தரமணி எஸ்இஆர்சி என்ற கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பல வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2014-ல் திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்தில் விமானம் நிற்கும் தளத்துக்கே இதைப் போட்டிருக்கிறார்கள். ஆக, லேப் வேலை பெரும்பாலும் முடிந்த கதை. மீஞ்சூர், மணலிப் பக்கத்து பிளாக் யார்டுகளில் இது சொதப்புவதற்குக் காரணம் வேறு: சிமென்ட் வேலையில் கைக்கு வந்த பழக்கங்களில் பாதி இதற்கு ஆகாது.

முதலில் சாம்பல். குளத்திலிருந்து லாரியில் அள்ளி வருவதை இதற்கு நம்பவே வேண்டாம். அதில் உலைக்கு அடியில் விழும் அடிச்சாம்பலும் கலந்திருக்கும், ஈரம் எவ்வளவு என்று தெரியாது, உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் கம்பி வேலைக்கு உதவாது. புகைபோக்கிக்குப் போகுமுன் இஎஸ்பி என்ற மின்சாரத் தூசிப் பொறி பிடித்து, சைலோவில் உலர்ந்து இருக்கும் சாம்பல்தான் வேண்டும். சாம்பலுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3812-ன் முதல் பகுதி சொல்லும் இரண்டு எண்களை மட்டுமாவது பாருங்கள்: 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எரித்தால் குறையும் எடை 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டாவது எண் கூடினால் எரியாத கரி இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கரி திரவத்தைக் குடித்துவிடும், கலவை இறுகும், ஆள் தண்ணீர் ஊற்றுவார், வலு போய்விடும். லோடுக்கு லோடு மாறும் என்பதால் ஒருமுறை சோதித்த ரிப்போர்ட்டை வருடம் முழுக்கக் காட்டிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

சாம்பலை மட்டும் வைத்துச் செய்தால் 60 டிகிரியில் 24 மணி நேரம் அவிக்க வேண்டும். யார்டில் அடுப்பு கட்ட முடியாதவர்கள் கால் பங்குக்கு மேல் ஸ்லாக் தூள், அதாவது ஜிஜிபிஎஸ், சேர்த்தால் சென்னை வெப்பத்திலேயே இறுகிவிடும். ஸ்லாக்கில் உள்ள கால்சியம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

சோதனைக்கு ஒரு அளவு: சாம்பல் 7 கிலோ, ஸ்லாக் 3 கிலோ, எம்சாண்ட் 18 கிலோ, 10 மிமீ ஜல்லி 27 கிலோ. திரவம் மொத்தம் 4.5 கிலோ. அதில் சோடியம் சிலிகேட் 3 கிலோ, காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசல் 1.5 கிலோ. 8 மோலார் செறிவுள்ள கரைசலுக்கு ஒரு கிலோவில் 262 கிராம் காஸ்டிக் செதில் என்பது கணக்கு, அப்படியானால் இங்கே 393 கிராம் செதில், 1,107 கிராம் தண்ணீர். 150 மிமீ கன அச்சு ஆறு போட்டு மிச்சமும் இருக்கும்.

காஸ்டிக் செதிலைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; செதில் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் அல்லது ஸ்டீல் வாளிதான், அலுமினியத்தில் வைத்தால் பாத்திரத்தை அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். கரைசல் தானாகவே தொடமுடியாத சூடாகும். அதை மூடி வைத்து மறுநாள்தான் எடுக்க வேண்டும். சூடாகவே ஊற்றினால், அதுவும் மே மாதத்தில், ஸ்லாக் சேர்ந்த கலவை அச்சில் விழுமுன்பே மிக்சரிலேயே கட்டிக்கொள்ளும். ரப்பர் கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். தோலில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர் ஊற்று, எலுமிச்சை தேய் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செதில் மூட்டையைத் திறந்து போட்டுவிட்டால் காற்றில் கார்பனேட்டாகி வீரியம் குறையும், மீதியை இறுகக் கட்டி வைக்க வேண்டும்.

சோடியம் சிலிகேட் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் விகிதத்தைக் கேளுங்கள். சிலிக்காவுக்கும் சோடியம் ஆக்சைடுக்கும் 2-க்கு 1 என்ற காரத் தரம்தான் மேலே சொன்ன அளவுக்குப் பொருந்தும். 3-ஐத் தாண்டிய நியூட்ரல் தரத்தைக் கொடுத்துவிட்டால் காரம் பற்றாமல் கலவை நாள்கணக்கில் பச்சையாகவே கிடக்கும்.

உலர்ந்தவற்றை 3 நிமிடம், திரவம் ஊற்றியபின் 5 நிமிடம் மிக்சரில் ஓடட்டும். கலவை ஊத்தப்ப மாவு போலப் பிசுபிசுப்பாக, கரண்டியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கொத்தனாருக்கு அது கெட்டி என்று தோன்றும், கை தானாகக் குடத்துக்குப் போகும். இந்த அளவுக்கு 200 மில்லிக்கு மேல் கூடுதல் தண்ணீர் கூடவே கூடாது. இளக்க வேண்டுமென்றால் நாப்தலீன் வகை சூப்பர் பிளாஸ்டிசைசர் ஓரளவு உதவும். சிமென்டுக்கு நன்றாக வேலை செய்யும் பிசிஇ (பாலிகார்பாக்சிலேட்) வகை இந்தக் காரத்தில் பெரும்பாலும் படுத்துவிடும். அச்சில் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள், கலவை இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய தப்பு நடப்பது க்யூரிங்கில், அதாவது வார்த்ததைப் பக்குவப்படுத்துவதில்தான். மறுநாள் அச்சைக் கழற்றியதும் ஹோஸ் பிடிப்பது பழக்கம். இங்கே அது கேடு. தண்ணீர் உள்ளிருக்கும் காரத்தை வெளியே இழுக்கும், மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும், உள்ளே பிணைப்பு பாதியில் நிற்கும். பாலிதீன் ஷீட்டால் சுற்றி நிழலில் 7 நாள் வைத்தால் போதும். மூடாமல் விட்டாலும் ஆபத்துதான்: கடற்காற்றில் மேற்பரப்பு உலர்ந்து மயிரிழை விரிசல் விடும். 28-ம் நாள் அழுத்த வலு 30 எம்பிஏ-க்கு (மெகாபாஸ்கல்) குறைந்தால் சந்தேக வரிசை இதுதான்: தண்ணீர், சிலிகேட் தரம், சாம்பலின் கரி.

எதில் ஆரம்பிப்பது? ஐஎஸ் 17452, 2020-ல் வந்தது, ப்ரீகாஸ்ட், அதாவது முன்கூட்டியே வார்த்தெடுக்கும் பொருட்களுக்கான இந்திய வழிகாட்டி. நடைபாதை பேவர், வடிகால் மூடி, கேபிள் டிரெஞ்ச் ஸ்லாப், கெர்ப் கல் இவற்றோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். வீட்டுத் தூணுக்கும் பீமுக்கும் இப்போது வேண்டாம். அமிலம், சல்பேட் இரண்டையும் இது சாதாரண கான்கிரீட்டைவிட நன்றாகத் தாங்குவதால் சாக்கடை வேலைக்குத்தான் உண்மையான லாபம். ‘கார்பனே இல்லை’ என்று விற்பவர்களை அப்படியே நம்பாதீர்கள்: ஒரு டன் சிமென்டுக்குச் சுமார் 0.8 டன் கார்பன் டை ஆக்சைடு என்பது சரி, ஆனால் சிலிகேட் தயாரிக்க மணலை உருக்க வேண்டும், காஸ்டிக்குக்கு மின்சாரம் வேண்டும். லாபம் உண்டு, விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. திரவத்தைக் குறைக்கக் குறைக்கத்தான் காசும் மிச்சம், கார்பனும் மிச்சம்.

மிக்சர் கழுவிய தண்ணீரை பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிட வேண்டாம், அது கடுங்காரம். டிரம்மில் பிடித்துத் தெளியவிட்டு, மறுநாள் கலவையின் அந்த 200 மில்லிக் கணக்கில் சேர்த்துவிடலாம். மிஞ்சினால் நீர்த்த அமிலம் விட்டுச் சமன் செய்து, பிஎச் தாளில் 7 முதல் 8-க்குள் வந்தபின்தான் வெளியே விட வேண்டும்.