ஊசி வேலை செய்தது, அம்மாவுக்குத்தான் திருப்தியில்லை

கண்ணுக்குள் ஊசி என்றதும் எல்லோரும் பயப்படுவது குத்தலுக்கு. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதால் அது பெரிதாகத் தெரிவதில்லை. கிருமி போக விடும் பீட்டாடின்தான் ராத்திரி வரைக்கும் மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி எரியும். எரிச்சல் மறுநாள் குறைய வேண்டும். வலியும் சிவப்பும் ஏறி, பார்வை மங்கினால் அன்றைக்கே ஓடுங்கள், தொற்றாக இருக்கலாம்.

அம்மாவுக்கு ஈர வகை மாகுலர் டீஜெனரேஷன், அதாவது விழித்திரையின் நடுவில் ரத்தக்குழாய் கசிந்து நடுப்பார்வை மங்கும் நோய். மாதம் ஒன்றாக மூன்று ஊசி, பிறகு விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டினார்கள். போட்டது பெவாசிசுமாப். புற்றுநோய்க்கு வந்த மருந்து, விலையும் குறைவு என்றதும் சொந்தக்காரர்கள் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார்கள். இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டு 2011-இல் வந்த கேட் (CATT) ஆய்வில் அது விலை கூடிய கண் மருந்தான ராணிபிசுமாபுக்கு இணையாகவே பார்வையைக் காத்தது என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் வாயை மூடினார்கள்.

இன்சூரன்ஸ்காரர், "24 மணி நேரம் அட்மிட் ஆகலையே" என்று கிளெய்மைத் திருப்பினார். நவீன சிகிச்சைகள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் கொடுத்த பட்டியலில் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்ததும், பாலிசியில் இருந்த உச்சவரம்பு வரை பணம் வந்தது.

சிக்கல் அதற்கப்புறம். 6/36 இருந்த பார்வை 6/18 ஆனது (கீழே உள்ள எண் குறைந்தால் பார்வை கூடியிருக்கிறது), டாக்டருக்கு ஏக சந்தோஷம். வெளியே வந்தால் ஒரு திருப்திப் படிவம்: பார்க்கிங் எப்படி, கழிப்பறை சுத்தமா, ஊழியர்கள் பணிவா? "பேப்பர்ல தலைப்பைத் தாண்டி ஒரு வரி படிக்க முடியலை. அதை எங்கே எழுதறதும்மா?" என்று அம்மா கேட்டார். "அதுக்கு இதுல இடமில்லைங்க பாட்டி" என்றது கவுன்டரில் இருந்த பெண்.

இடமுள்ள படிவம் உலகத்தில் இல்லாமலில்லை. அமெரிக்க தேசிய கண் நிறுவனத்தின் 25 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. பத்திரிகை எழுத்து தெரிகிறதா, மங்கலான வெளிச்சத்தில் படி இறங்க முடிகிறதா, நெரிசலான அலமாரியில் தேடிய பொருள் கிடைக்கிறதா என்று கேட்கும். அம்மாவின் பதில்களை ஒரு தாளில் எழுதி அடுத்த முறை டாக்டரிடம் நீட்டினேன். அப்போதுதான் அவர் சொன்னார்: ஊசி கசிவைத்தான் நிறுத்தும், நடுவில் தழும்பான இடத்தில் பார்வை திரும்பாது. இதை முதல் ஊசிக்கு முன்னால் சொல்லியிருந்தால் அம்மா பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பியிருப்பார்.

மிச்சமிருக்கும் பார்வையை வைத்துச் சமாளிக்க உதவும் லோ விஷன் பிரிவுக்குப் போகச் சொன்னார், ஆனால் சீட்டில் எழுதவில்லை. "வாய்ல சொன்னதுக்கெல்லாம் பதிவு போட முடியாது சார்" என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அலைச்சல் வீண். எழுதி வாங்கிக்கொண்டு நகருங்கள், அந்தப் பிரிவு என்றைக்கு இயங்கும் என்றும் கேளுங்கள்.

அங்கே கொடுத்த விளக்கு வைத்த பூதக்கண்ணாடியில் மாத்திரை அட்டையின் பெயரை, எக்ஸ்பைரி தேதியோடு, அம்மாவே படிக்கிறார். என்னிடம் நீட்டுவதில்லை! எதிரே வருபவர் முகம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார் என்று தெருவில் ஒரு மனத்தாங்கல்கூட வந்தது. முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.