கணவன் செத்ததற்குச் சான்று எங்கே? – போர் விதவைகளின் மனுக்கள்

அக்டோபர் 23
இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1642-இல் இதே நாளில்தான் எட்ஜ்ஹில் சண்டை நடந்தது. அந்த மாதமே, தன் பக்கம் போரிட்டு மாண்டவர்களின் மனைவி மக்களைக் காப்பதாக இங்கிலாந்து நாடாளுமன்றம் வாக்குக் கொடுத்தது. பெரிய வாக்குதான். 1593, 1601-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஊனமுற்ற படைவீரனுக்கு மட்டுமே உதவித்தொகை தந்தன. செத்தவனின் மனைவிக்கு ஊர்ப் பங்கு (தேவாலயத்தைச் சுற்றிய உள்ளூர்ப் பிரிவு) ஏழைகளுக்காகத் திரட்டும் ஏழை வரியை விட்டால் வேறு கதி இல்லை.

ஜனவரி 9
மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) முடிந்ததும் ஆண்டின் முதல் காலாண்டு அமர்வு. விதவைகளின் மனுக்கள் வந்தது இங்கேதான். ஆண்டுக்கு நான்கு தடவைதான் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிபதிகள் கூடுவார்கள். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

மனுவின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். நீதிபதிகளுக்கு வணக்கம், கணவன் பெயர், எந்தக் கேப்டனின் கீழ் இருந்தான், எங்கே செத்தான், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கடன், கடைசியில், உங்களுக்காக என்றும் ஜெபிப்பேன் என்ற வாசகம். எழுதத் தெரிந்தவரைப் பிடித்து எழுதி வாங்கி, பலர் தங்கள் அடையாளக் குறியை மட்டும் போட்டார்கள்.

கூடவே சான்று வேண்டும். கேப்டன் கையெழுத்து வலுவானது. அவரும் செத்திருந்தாலோ படையோடு எங்கோ போயிருந்தாலோ சிக்கல்தான். அப்போது உடன் போரிட்டவர்கள், ஊர்ப் பாதிரியார், அக்கம்பக்கத்தார் என்று பெயர்களைச் சேர்ப்பார்கள். உடலைக் கண்டவரே இல்லாத மரணத்துக்கு அந்தப் பெயர்களே ஆதாரம்.

மே 28
1647-இல் இதே நாளில் வந்த நாடாளுமன்ற ஆணை, விதவைகளையும் அநாதைகளையும், ஊனமுற்ற வீரர்களுக்கு உதவித்தொகை தந்த கவுண்டி நிதிக்குள் கொண்டுவந்தது. அதில் ஒரு கொக்கி: விதவை உழைத்துச் சம்பாதிப்பதற்கு மேல்தான் உதவி. அதனால் ‘ஏழை’ என்றால் போதாது; உழைத்தும் போதவில்லை என்று காட்ட வேண்டும். மனுக்களில் நோயும் கைக்குழந்தைகளும் திரும்பத் திரும்ப வருவதை வெறும் புலம்பலாக வாசிப்பது அநியாயம். சட்டம் கேட்ட கேள்விக்கு அவை பதில்.

ஜூன் 3
உத்தரவு கிடைத்தாலும் பணம் உடனே கைக்கு வராது. பங்குகள் வார வரி செலுத்தி, அது கவுண்டிப் பொருளாளரிடம் சேர வேண்டும். 1601 சட்டப்படி பங்கு ஒன்றுக்கு வாரம் 2 முதல் 10 பென்னி வரைதான். போருக்குப் பின் கேட்பவர் கூட்டம் பெருகியது. வரியை உயர்த்தியும் எட்டவில்லை. எனவே 20 அல்லது 40 ஷில்லிங் ஒரே தடவையாகக் கொடுத்து அனுப்புவார்கள். இல்லையென்றால் அவளுடைய பங்கின் ஏழைகள் மேற்பார்வையாளரே கொடுக்கட்டும் என்று தள்ளுவார்கள். அவர் கொடுக்காவிட்டால், அடுத்த அமர்வில் இன்னொரு மனு. நிலுவையைக் கேட்டு வந்த மனுக்களைத்தான் நான் முதலில் வாசிக்கச் சொல்வேன். நிர்வாகம் எங்கே முறிந்தது என்பது அவற்றில் தெரியும்.

ஜூன் 11
போரில் நாடாளுமன்றம் வென்று ஒழித்த மன்னராட்சி 1660-இல் திரும்பியது. 1662 சட்டம் அரசர் பக்கம் போரிட்டவர்களுக்கானது. கணவனின் ராஜவிசுவாசமே இப்போது முதல் தகுதி. நாடாளுமன்றப் படைவீரர்களின் விதவைகளுக்குக் கவுண்டி நிதி நின்றுபோய், மறுபடி பங்கின் ஏழை வரிதான் மிஞ்சியது.