முதலில் மதகை மாற்றுங்கள்

போன ஐப்பசியில் ஓசூர் போயிருந்தபோது மாமா என்னைத் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப் போனார். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. மதகில் விழுகிற தண்ணீரே தெரியாத அளவுக்கு நுரை, இலவம்பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோல ஆறு முழுக்கப் படர்ந்து, காற்றில் பிய்ந்து பக்கத்து வயலில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. "உங்க ஊரு சோப்புத் தண்ணிதான்டா இது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெங்களூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 11 வருஷமாக வேலை பார்க்கிறவன் நான், ஆனால் அங்கே எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரின் சாக்கடை மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது. விருஷபாவதியில் போவது அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேரும். கோரமங்கலா-சல்லகட்டா, ஹெப்பாள் இரண்டும் கடைசியில் தென்பெண்ணைக்குப் போகும். எப்படிப் போனாலும் வந்து சேர்வது தமிழ்நாடுதான். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்தபோது ஊருக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் தண்ணீர் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அப்படியென்றால் அந்த ஒரு திட்டத்தாலேயே 60 கோடி லிட்டருக்கு மேல் கூடுதல் கழிவுநீர். குழாய்த் திறப்பு விழாவில் இந்தக் கணக்கை யாரும் பேசுவதில்லை.

சரி, நுரைக்கு வருவோம். சுத்திகரிக்காத சாக்கடையில் வரும் சோப்பு வழியிலுள்ள ஏரியின் அடிச்சேற்றில் போய்ப் படிந்துகொள்ளும். அங்கே காற்று கிடையாது, அதனால் சிதையாமல் அப்படியே கிடக்கும். பெருமழை வந்து சேற்றைக் கலக்கினால் மேலே வந்து, உயரத்திலிருந்து விழும் இடத்தில் பொங்கும். நல்லபடியாக ஓடுகிற ஒரு நிலையம் அந்தச் சோப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தின்பது பாக்டீரியா, எங்கள் வேலை அதற்குக் காற்று கொடுப்பது. அவ்வளவுதான்.

பழைய நிலையங்கள் கரிமக் கழிவை, அதாவது பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கைக் குறைக்கக் கட்டியவை. அம்மோனியா, பாஸ்பரஸ் பற்றி அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும், ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவது அந்த இரண்டையும் தின்றுதான். ஆனால் 1 கிலோ அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க ஏறக்குறைய 4.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா மெதுவாக வளரும் இனம். அதனால் கூடுதல் காற்று, கூடுதல் இடம், அப்புறம் நைட்ரேட்டை வாயுவாக்கி விரட்டக் காற்றே இல்லாத தனி அறை என்று எல்லாமே வேண்டியிருக்கிறது. மேலே தண்ணீரை அடித்துக் கலக்கும் பழைய ஏரேட்டர்களைக் கழற்றிவிட்டு, அடியில் ரப்பர் டிஃப்யூசர் போட்டு பொடிக் குமிழியாக ஊதினால் அதே மின்சாரத்துக்கு அதிக ஆக்சிஜன் கரையும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், டெண்டரிலும் இருக்கும்.

டெண்டரில் இல்லாதது மதகு. பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ஒவ்வொரு டேங்குக்கும் தண்ணீரை விடவும் அடைக்கவும் இருக்கும் கதவு அது.

நிலையத்தை மூடிவிட்டு வேலை செய்ய முடியாது. ஊர் குளிப்பதை நிறுத்தாது. ஒரு டேங்கை அடைத்துக் காலி செய்து வேலை பார்க்கும்போது அதன் பங்கையும் பக்கத்து டேங்க் தாங்க வேண்டும். எங்கள் நிலையத்தைப் புதுப்பிக்க நாங்கள் முதல் டேங்கை அடைக்க விடியற்காலை 4 மணியைத் தேர்ந்தெடுத்தோம், நடுராத்திரியில் ஊர் தூங்கியது எங்களுக்கு வந்து சேர்வது அப்போதுதான். பல வருஷமாகத் திருப்பாத வார்ப்பிரும்பு மதகு. ஷிப்ட் அண்ணன் ஒருவர் தர்மபுரிக்காரர், "தம்பி, இது பாதியில நிக்கும், நம்பாதே" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். பாதிகூட வரவில்லை, மூன்றாவது சுற்றிலேயே தண்டு முறிந்தது.

பலகையும் மணல் மூட்டையும் வைத்து அடைக்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் பக்கத்து டேங்க் திணறிவிட்டது. தினமும் ஒரு லிட்டர் ஜாடியில் டேங்க் தண்ணீரை எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் வைப்போம். நல்ல நாளில் காபித்தூள் நிறத்தில் ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாச் சேறு, 300 மில்லிக்குள் அடங்கி உட்காரும், மோந்தால் மழை மண் வாசனை வரும். அந்த வாரம் 850-இல் நின்றது, கறுத்து, அழுகின முட்டை நாற்றம். ஸ்லட்ஜ் படிந்து தெளிந்த தண்ணீர் வழியும் கிளாரிஃபையர் தொட்டியின் விளிம்பில் எங்கள் பாக்டீரியாவே வழிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. வேறு நிலையத்திலிருந்து லாரியில் ஸ்லட்ஜ் கொண்டுவந்து ஊற்றி, பழைய நிலைக்கு வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத் தண்ணீரும் கீழேதான் போயிருக்கும்.

டேங்க் காலியானபோது அடியில் இடுப்பளவு மணல். தலைமுடி கயிறாக முறுக்கிக்கொண்டு, அதில் ஷாம்பு சாஷே கோத்ததுபோல மாட்டியிருந்தது. டேங்கின் கொள்ளளவில் கால்வாசி இப்படிப் போயிருக்கிறது, நாங்கள் முழு டேங்க் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வாயு மீட்டர் இறக்கிப் பார்க்காமல் ஒரு ஆளையும் உள்ளே விடவில்லை, மணலை இயந்திரத்தால்தான் அள்ளினோம். அதற்கு நாள் கூடுதலானது, ஆகட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

அதனால் பழைய நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது, முதல் ஆறு மாதப் பணத்தை மதகு, வால்வு, மணல் பிடிக்கும் தொட்டி இந்த மூன்றில் போடுங்கள். புகைப்படத்துக்கு நன்றாக இருக்காது, ரிப்பன் வெட்டவும் எதுவும் இருக்காது. ஆனால் அடைக்க முடியாத டேங்கில் எவ்வளவு விலை உயர்ந்த டிஃப்யூசரையும் மாட்ட முடியாது.

இரண்டாவது டேங்க் வேலை பிப்ரவரியில், மழைக்கு முன்னால். இந்த முறை புது மதகை முதலிலேயே போட்டாயிற்று. போன வாரம் நானும் அந்த அண்ணனும் கிரீஸ் தடவி முழுசாக மூடித் திறந்து பார்த்தோம். ஒரு கையால் சுற்ற முடிகிறது.